மீசை முளைக்காத இரண்டு வருஷம்

பிரெஞ்சுக்காரர் ஆளுகிற எங்கள் பாகூர் கொம்யூன் ஊர்களில் என்னைப்போல் ஊசி போட்டுக்கொண்டவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னைப்பற்றி ஊரில் நடமாடுகிற கதை நடந்ததைவிட மோசமாக இருக்கிறது. அதற்கு நடந்ததையே எழுதிவிடுவது மேல்.

எனக்குக் குருவிநத்தம். நெல்லும் கொஞ்சம் கரும்பும் பயிர் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் பிரெஞ்சு படித்தேன். பேச வராது. எதிரே இருப்பவர் திட்டுகிறாரா இல்லையா என்று மட்டும் தெரியும். என் மனைவி செங்கேணி அரியாங்குப்பத்துப் பெண். கல்யாணமான இரண்டாம் வருஷம் தை மாதத்தில் என் அப்பா இறந்துபோனார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

கருமாதியன்று ஆற்றங்கரையில் எனக்கு மொட்டை அடித்து மீசையையும் எடுத்தார்கள். அப்பா போனால் பிள்ளை மீசையை எடுப்பது எங்கள் வழக்கம். எனக்கு நல்ல அடர்த்தியான மீசை. அதை எடுக்கும்போது நாவிதர் காத்தவராயனே வருத்தப்பட்டார். "ஒரு மாசத்துல வந்துடும்பா. உன்னுது காட்டு மீச" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் என் கன்னங்கள் இரண்டும் வீங்கின. சாவுக்கு வந்து தங்கியிருந்த அரியாங்குப்பத்துக் குழந்தைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பொன்னுக்குவீங்கி. அதற்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம் ஒன்றுதான், கழுத்தில் தங்கம் போட வேண்டும். செங்கேணி தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள். ஐந்தாம் நாள் கன்னம் வடிந்தது. சங்கிலியைத் திரும்ப வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நோய் போயிற்று என்று எல்லாருக்கும் நிம்மதி.

அன்று சாயந்திரமே குளிர்காய்ச்சல் வந்தது. விரைகள் இரண்டும் வீங்கிச் சிவந்து, பத்து நாள் காலை அகட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இதை யாரும் கன்னத்து வீக்கத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தங்கம் போட்டு அனுப்பிவைத்த நோய் எப்படித் திரும்பி வரும்? எங்கள் ஆற்றோரக் கிராமங்களில் யானைக்காலும் விரைவீக்கமும் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் ஒன்றுதான் இது என்று தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். வலி நின்றது, நானும் மறந்துவிட்டேன்.

தலையில் முடி வந்தது. மீசை வரவில்லை. பங்குனியில் பதினைந்து வயதுப் பையனுக்கு வருகிற மாதிரி கொஞ்சம் அரும்பியது. ஆடி பிறப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது. காத்தவராயன் ஒருநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கினார்.

"இன்னாப்பா, வேற ஆளாண்ட செரச்சிக்கினியா?"

"இல்லியே. நீதான் போன மாசம் செரச்ச."

காத்தவராயன் கத்தியைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவராக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மீசை இல்லாத ஆம்பளையைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது "யாரு பூட்டாங்க?" என்றுதான், வீட்டில் யார் செத்தது என்று அர்த்தம். ஆறு மாதம் கேட்டார்கள். ஒரு வருஷம் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கிப் போகத் தொடங்கினார்கள். என் அப்பா செத்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு மட்டும் துக்கம் முடியவில்லை.

வெளியில் தெரிந்தது மீசை. உள்ளே நடந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பசித்தால் சாப்பிட்டேன், ஆனால் இன்னது வேண்டும் என்று தோன்றவில்லை. செங்கேணி பக்கத்தில் படுத்திருப்பாள். பக்கத்தில் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். நடவு நேரத்தில், சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போது, மார்பிலிருந்து தீ மாதிரி ஒரு சூடு கிளம்பி முகம் வரைக்கும் ஏறும். வேர்த்துக் கொட்டும். பிறகு குளிரும். கை கால் ரோமமெல்லாம் உதிர்ந்து தோல் மெல்லியதாகிவிட்டது. மதியம் ஆனால் போதும், வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவேன். அப்பா தன் கடைசிக் காலத்தில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது.

ஒருநாள் பக்கத்து நிலத்துக்காரர் கண்ணுசாமி வந்து என் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"பெரியவரே, கெழக்கால வரப்புல நாம நட்ட கல்லு எங்க இருக்குது?"

பெரியவரே என்று அவர் கூப்பிடுவது என் அப்பாவை. நான் யோசிக்கவே இல்லை. "இலுப்ப மரத்துக்கு மூணு மொழம் தெக்கால தோண்டிப் பாரு" என்றேன். தோண்டினார்கள். கல் இருந்தது. சின்ன வயதில் அதை நடும்போது பார்த்திருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு தேடினாலும் அந்த ஞாபகம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது. அப்பா போகவில்லை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் மீசை திரும்பவில்லை, துக்கம் முடியவில்லை. வைத்தியரிடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் மறுபடியும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டாம் தடவை காரியம் செய்தார்கள். மீசையை எடுக்க வேண்டும் என்றார் ஐயர். காத்தவராயனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் வெறும் கத்தியை வைத்து இழுத்தார்.  நான் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம்கூட வரவில்லை. அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

செங்கேணியின் அண்ணன் கோவிந்தசாமி அந்தச் செய்தி கேட்டு வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"மாப்ள, ஒங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா எந்தங்கச்சிய செத்தவரோட குடும்பம் நடத்த உட முடியாது. வர்ற ஆடிக்குள்ள சரியாவுணும். இல்லன்னா கூட்டிக்கினு பூடுவேன்."

நான் சரி என்றேன். உப்பு வாங்கி வரச் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். உள்ளே செங்கேணி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டது மட்டும் கேட்டது.

என்னை வைத்தியரிடம் இழுத்துப்போனது அவள்தான். வில்லியனூரில் ஒரு நாட்டு வைத்தியர் நாடி பிடித்துவிட்டு லேகியம் கொடுத்தார். தின்றதில் வயிறு மட்டும் பெருத்தது. புதுச்சேரியில் தனியாக வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர், குருவிநத்தம் என்று கேட்டதுமே யானைக்கால் காய்ச்சல் என்று எழுதிவிட்டார். வேட்டியை அவிழ்க்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. மூன்று மாதம் அவர் மருந்தைக் குடித்தேன். மூன்றாம் தடவை போனபோது அவருடைய மருந்து கலக்குகிறவர் செங்கேணியைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில சீமையில படிச்சிட்டு வந்த ஒரு டாக்டர் முசே இருக்காரு. தமிழர்தான். பின்கட்டுல சேவல் வளக்கறாருன்னு எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க அவராண்ட போங்கம்மா" என்று சொன்னாராம். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலையிலிருந்து மதியம் வரைக்கும் காத்திருந்தோம். எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு எதுவுமே நீளமாகத் தெரிந்ததில்லை. டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அக்குளைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வேட்டியை அவிழ்க்கச் சொல்லி விரைகளைத் தொட்டுப் பார்த்தார். அவை சின்னப் பையனுடையதைப்போல் சுருங்கியிருந்தன. பிறகு வெளியே வந்து, என்னை விட்டுவிட்டுச் செங்கேணியிடம் கேட்டார்.

"ஒன் புருசன் கழுத்துல எப்பயாவது தங்கம் போட்டீங்களாம்மா?"

அவள் விழித்தாள். பிறகு தன் சங்கிலியைத் தொட்டுக்கொண்டு, "மாமா செத்த அந்த மாசம் போட்டன். கன்னம் வீங்கியிருந்துது. அஞ்சு நாளு" என்றாள்.

"அதுக்கப்பறம் கீழ வீங்குச்சா?"

"ஆமாங்க. அது வேற நோவு."

"வேற இல்லம்மா. அதேதான்" என்றார் டாக்டர். கன்னம் வீங்கிற்றா என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, தங்கம் போட்டதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள் என்று பிறகு என்னிடம் சொன்னார். இரண்டு வருஷமாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்.

"காளைக்குக் காயடிக்கறத பாத்திருக்க இல்ல?"

"தலைய புடிச்சிருக்கேங்க."

"அதேதான் ஒனக்கு நடந்துருக்குது. அந்தக் காய்ச்சலே காயடிச்சிடுச்சி. வெர இருக்கே, அது ரெண்டு வேல செய்யற எடம்யா. ஒண்ணு புள்ளைக்கு வித்து. இன்னொண்ணு ஒரு சாறு, அது நேரா ரத்தத்துல போயி கலக்குது. மீச, தெம்பு, ஆச, கோவம் எல்லாம் அந்தச் சாறுதான். ஒன் அப்பாவும் இல்ல, பேயும் இல்ல. சாறு நின்னுடுச்சி."

எத்தனை காளைகளின் தலையைப் பிடித்திருக்கிறேன். அப்புறம் சாதுவாகிவிடும், நுகத்தடிக்குத் தானாகவே கழுத்தைக் கொடுக்கும்.  அதைக் கேட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தச் சாற்றை இப்போது சீமையில் மருந்தாகவே செய்கிறார்களாம். எண்ணெயில் கரைத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வருகிறது. வாரத்துக்கு மூன்று ஊசி, இடுப்பில். நின்றுபோனதை அது திரும்ப ஓட வைக்காது, வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடியும் பழையபடி ஆகிவிடும். வரவழைக்கிற செலவுக்குக் கரும்பை வெட்டுமுன்பே விற்றேன். செங்கேணியை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "வித்து திரும்பாது. அத எந்த மருந்தும் தராது. ஒன் சம்சாரத்தாண்ட சொல்றது ஒன் வேல."

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து சொல்லவில்லை.

என்னை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். சீமையிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது. ஆனால் அது கப்பலிலும் துறைமுகத்துக் கொட்டகையிலும் வெயிலில் கிடந்திருந்ததால் மருந்து கெட்டிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதற்குத்தான் சேவல். பின்கட்டில் காயடித்த இரண்டு சேவல்கள் இருந்தன. கொண்டை வெளுத்துச் சுருங்கி, கூவாமல், ஒன்றையொன்று கொத்தாமல் மூலையில் நிற்கும். ஒன்றுக்கு மட்டும் என் பெட்டியிலிருந்து ஊசி போட்டார். அதற்குப் பிறகு நான் தினமும் என் கட்டிலிலிருந்து எழுந்து போய் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவையும் என்னைப் பார்க்கும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி முகம் என்று தோன்றும். வார்டைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரீ அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்.

கோவிந்தசாமி அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஆற்றைத் தாண்டி எனக்குச் சோறு கொண்டுவந்தார். அவர் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் வாலைத் தனக்கு வைத்துக்கொண்டு நடுத்துண்டை எனக்குக் கட்டிக்கொண்டு வருவாராம். தங்கையைக் கூட்டிப்போவதாகச் சொன்ன அதே வாயால், "மாப்ள, முள்ளு பாத்து துன்னுங்க" என்பார். நல்ல மனிதர். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, விடிகிற நேரத்தில் பின்கட்டில் ஒரு சேவல் கூவியது. தொண்டை கட்டின மாதிரி பாதியில் நின்று, திரும்பவும் கூவியது. வார்டில் எல்லாரும் புரண்டு படுத்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். எதுவுமே வேண்டியிராத எனக்கு அந்தக் குரலைக் கேட்டு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. போய்ப் பார்த்தால் அதன் கொண்டை ரத்தமாகச் சிவந்திருந்தது. மற்றது சுவரோரம் ஒடுங்கி நின்றது. மருந்து கெடவில்லை என்று அன்றே எனக்கு முதல் ஊசி போட்டார்கள்.

மூன்றாம் வாரம் வாசனை திரும்பியது. கன்னியாஸ்திரீ அம்மாவின் துணியில் சவுக்காரம், பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சுப்பழம், செங்கேணியின் தலையில் எண்ணெய். பிறகு பசி. பிறகு ஒருநாள் காலையில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அப்பா செத்துப்போய்விட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில், தலையணையை வாயில் கடித்துக்கொண்டு அழுதேன். அதற்கு மறுநாள் சோறு குழைந்திருந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். கோபம் வந்துவிட்டது. எவ்வளவு நன்றாக இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாசத்துல வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

ஆனி கடைசியில் ஊர் திரும்பினேன். மேலுதட்டில் கறுத்திருந்தது. கோவிந்தசாமி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாகூர் தர்மாஸ்பத்திரியில் வாரம் மூன்று ஊசி போட்டுக்கொண்டேன். விற்றிருந்த கரும்பை வெட்டிக் கொடுத்தேன். ஆள்களை அதட்டினேன். கண்ணுசாமி என்னைப் பெரியவரே என்பதை விட்டார். ஜெயித்தவன் மாதிரிதான் நடந்தேன், ஒளிப்பானேன்.

செங்கேணிதான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் பேசுகிறவள். அந்த இரண்டு வருஷமும் சாயந்திரத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு முந்தி நான் அப்படி உட்கார்ந்தவன் இல்லை. வாயை மூடு என்பவன். உப்பு கூடினால் தட்டு முற்றத்துக்குப் போகும். இப்போது மறுபடியும் ஒருநாள் போயிற்று. அவள் குனிந்து சோற்றைப் பொறுக்கி எடுத்தாள்.

மாதங்கள் போயின. அவள் வீட்டுப் பெண்கள் குழந்தையைப்பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குமேல் மறைக்க முடியாமல் ஒரு மத்தியானம் சொன்னேன். பிள்ளை வராது, எந்த மருந்துக்கும் வராது, டாக்டர் அன்றே சொன்னார் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அண்ணனிடம் போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப இந்த ஊசி யாருக்கு?"

"எனக்குத்தான். நான் நானா இருக்க வாணாமா?"

"நீங்க இருக்கறீங்க" என்றாள். "ரெண்டு வருசம் எங்கூட இருந்தாரே ஒருத்தரு, அவரு என்னாண்ட சொல்லிக்காமயே பூட்டாரு."

அது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த ஆள் பேசியது, உட்கார்ந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவன் எனக்கு அடுத்த வீட்டுக்காரன்போலத்தான் தெரிகிறான். என் பெண்சாதியோடு இரண்டு வருஷம் இருந்தவன் மேல் எனக்குப் பொறாமை வந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சீமையில் சண்டை வந்து கப்பல் நின்றது. டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கடைசிக் கப்பலில் குப்பி வரவில்லை, அதே மருந்தை இறுக்கிச் செய்த சின்ன வில்லைகள் நாலு வந்திருந்தன. இடுப்பில் தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நாலைந்து மாதம் தாங்கும் என்றார். அதற்கப்புறம் என்று கேட்டேன். "சண்ட நிக்கணும்" என்றார்.

இது நாலாம் மாதம். தோலுக்கு மேலே தடவினால் முதலில் நாலும் துவரம்பருப்பு மாதிரி தட்டுப்பட்டன. இப்போது இரண்டைக் காணவில்லை. போன வாரம் களத்தில் நிற்கும்போது அந்தச் சூடு மார்பிலிருந்து ஒருதடவை ஏறி இறங்கியது. எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வருகிற வரைக்கும் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது நின்றுபோகிற நாளை நான் தெரிந்துகொள்ளமாட்டேன் என்பதும் தெரிகிறது.

நேற்றுச் சாயந்திரம் செங்கேணி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகு நாள் கழித்து. என் இடுப்பில் தையல் போட்ட இடத்தில் விரலை வைத்து மெதுவாகத் தேடினாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"கொஞ்சந்தான்" என்றேன்.

விரலை எடுக்காமலே சிரித்தாள். அது எனக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை.